துளைக்குள் இருப்பவரிடம் பேசாதீர்கள்

"ஹில்க்கா, கார் சாவி எங்க?"

"காரையே வித்தாச்சு, வெய்க்கோ."

"ஓ, அப்படியா" என்று தலையாட்டுவார். ஐந்து நிமிஷம் போகும். மறுபடி சாவி. கார் கைமாறி மூன்று வருஷம் ஆகிறது. மறதி நோய் வந்த புருஷன் மேல் கோபப்படக் கூடாது என்று யாருக்குத்தான் தெரியாது? ஹில்க்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பன்னிரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டுதான் பதில் வந்தது.

முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கியவள். யாரிடமும் சண்டை போட்டதில்லை, வெட்டியாகப் பேசியதும் இல்லை. ஓய்வு பெற்றதும் ஏரிக்கரை வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்திருந்தாள். வாய்த்தது இந்தச் சாவி.

மருத்துவ நிலையத்து நர்ஸ் அவள் போனில் மன அமைதிக்கென்று ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். "உங்கள் மூச்சைக் கவனியுங்கள்" என்று அதில் ஒருத்தி தேன் ஒழுகச் சொல்வாள். கேட்கக் கேட்க ஹில்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு காலை, காபிக் கோப்பையைச் சுவரில் விட்டெறிந்தாள். வெய்க்கோ மிரண்டு போய் நின்றார். வீட்டு உதவிக்கு வரும் பெண் அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். அவளிடம் அவரை விட்டுவிட்டு, முகம் காட்ட வெட்கப்பட்டு ஏரிப் பக்கம் நடந்தாள் ஹில்க்கா.

அங்கே குளிர்நீச்சல் சங்கத்துத் தாடிக்காரர், உறைந்த ஏரியில் குளிக்க வெட்டிய துளையில் படிந்த பனி ஏடுகளை அள்ளிக்கொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

"எறங்கிப் பாரேன். மூச்ச வெளிய விட்டுக்கிட்டே எறங்கு. செத்தெல்லாம் போகமாட்ட."

உள்ளாடையோடு இறங்கினாள். உடம்பெங்கும் ஊசி குத்தியது. அவள் வாயில் எப்போதும் வராத கெட்ட வார்த்தை ஒன்று தானாக வந்தது. பத்து எண்ணியதும் மூச்சு வழிக்கு வந்தது. அப்புறம் தலைக்குள் ஒன்றுமே இல்லை. சாவி இல்லை, கார் இல்லை, வெய்க்கோ இல்லை, அவளே இல்லை. கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர், எதிரே வெள்ளை ஏரி, அவ்வளவுதான். மொத்தம் ஒன்றரை நிமிஷம். ஏறி வந்தவள் கரையிலிருந்த சங்கக் குடிலின் நீராவிச் சூட்டறையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று முதல் செவ்வாயும் வெள்ளியும் அவளுக்குத் துளை. உதவிப்பெண் வருவது ஒன்பது முதல் பத்து வரை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடை, சூட்டறை, குளியல் எல்லாம். அந்த ஒன்றரை நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதி வாரத்தை ஓட்டினாள்.

அதற்கும் வந்ததே வினை! இந்தக் குளிர்காலம் மிர்யாமி என்றொருத்தி சங்கத்தில் சேர்ந்தாள். வாயாடிகளுக்குப் பேர்போன கிழக்குச் சீமை கரேலியாக்காரி, பேச்சுக்குச் சொல்லவா வேண்டும்! சூட்டறையில் பேசினாள், சரி. ஏணியில் நின்று பேசினாள். துளைக்குள் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பவளிடமும் பேசினாள்.

"அடியம்மா, ஒன் தொப்பி நீயே பின்னினதா? ஒன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? கண்ண மூடிக்கிட்டியே, மயக்கமா?"

வாயைத் திறந்து 'சும்மா இரு' என்று சொல்ல வேண்டியதுதானே? நம் ஏரிக்கரை ஊரில் யார் அப்படி முகத்துக்கு நேரே சொல்வார்கள்? ஹில்க்கா ஊர் வழக்கப்படி பேர் போடாமல் சீட்டு எழுதினாள். 'துளைக்குள் இருப்பவரிடம் பேசாதீர்கள்.' யாரும் பார்க்காதபோது குடிலின் அறிவிப்புப் பலகையில் குத்தினாள்.

மிர்யாமி அதை உரக்கப் படித்தாள்.

"பாரேன் ஹில்க்கா, எவனோ ஒரு வாயாடி மனுஷங்களத் தொந்தரவு பண்றான் போல! அந்தத் தாடிக்காரரா இருக்குமோ?"

அடுத்த இரண்டு வாரமும் துளைக்குள் அதே பேச்சுதான், அந்த வாயாடி யாராக இருக்கும் என்று. ஹில்க்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. வெளியே மைனஸ் பத்தொன்பது. சாவிக் கேள்வி விடியும்போதே தொடங்கிவிட்டது. ஹில்க்கா இறங்கினாள், எட்டு வரை எண்ணினாள். பக்கத்தில் தண்ணீர் தளும்பியது.

"நானும் வந்துட்டேன்! கொஞ்சம் தள்ளு. ஒன் வீட்டுக்காரர்..."

"வாய மூடு!" ஹில்க்கா போட்ட கத்தலில் கரையிலிருந்த நாய் குரைத்தது. "ஒன்றர நிமிஷம்! வாரத்துக்கு ரெண்டு தடவ! அதுகூடவா பொறுக்கல ஒனக்கு?"

மிர்யாமி வாயை மூடினாள். ஆனால் ஒன்றரை நிமிஷம் போனது போனதுதான். இருவரும் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அந்தச் சீட்டு நீதானா?"

"நான்தான்."

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே சீக்குதான். பசு எங்க, பசு எங்கன்னு ஓயாம கேப்பாரு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த பசு. நானும் கத்தியிருக்கேன். அப்புறம் ஒருநாள் கேக்கல. போய்ச் சேர்ற வரைக்கும், ஆறு மாசம், ஒண்ணுமே கேக்கல. இப்ப வீட்ல ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டுந்தான். அமைதி எவ்வளவு வேணும் ஒனக்கு? வந்து அள்ளிக்கிட்டுப் போ."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்று வெடுக்கென்று எழுந்தாள் ஹில்க்கா. குளியலும் பாழ், இப்போது இது வேறு தலைக்குள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

வாசலில் உதவிப்பெண் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ரொம்ப சமத்து. ஒரு வார்த்தை பேசல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெய்க்கோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஹில்க்கா தொப்பியைக் கழற்றினாள், காபி வைத்தாள், காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் போனது. பத்தும் போனது. ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்டது. அவள் கேட்டு ஏங்கிய அமைதிதான். காபியைத் தொடாமல் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"வெய்க்கோ, சாவி எங்கன்னு கேக்கலையா?"

அவர் மெல்லத் திரும்பினார்.

"என்ன சாவி?"

"கார் சாவி."

"நமக்கு ஏது கார்?"

மூன்று வருஷமாக அவள் சொல்லிச் சொல்லி அலுத்த பதில் அது.

"இருக்கு" என்றாள். "செவப்புக் காரு. வெளியதான் நிக்குது. சாவியத்தான் காணோம், தேடு."

வெய்க்கோ எழுந்து சட்டைப்பையைத் தடவத் தொடங்கினார்.