நான்கு மணிக்கு ஒன்பது அடித்த கடிகாரம்

நசரத்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து அத்தை அந்தப் பிரெஞ்சு கடிகாரத்தை மடியில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தபோது அதற்கு ஊசல் இல்லை. கறுப்புச் சலவைக்கல் கூட்டுக்குள் எறும்பு குடியிருந்தது. அத்தை அப்பாவின் தங்கை. ஆவடி ஃபேக்டரியில் லேத் ஓட்டுபவள். "ஓட வெச்சுடுவேன்" என்றாள், அவ்வளவுதான். மூன்று மாதம் எங்கள் குவார்ட்டர்ஸில் இட்லி வேகவில்லை. இட்லித்தட்டுக் குழிகளில் பல்சக்கரங்களும் திருகுகளும் படுத்திருந்தன. ஊசலைத் தானே பித்தளையில் கடைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஓடியது, மணியும் அடித்தது.

அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு எட்டு வயது. அவர்கள் வருமுன் மணியோசையைக் கேட்கும் ஆசையில், யாரும் பார்க்காதபோது பெரிய முள்ளை இஷ்டத்துக்குச் சுற்றினேன். மணி அடித்து முடிக்கும்வரை எங்கே பொறுமை? பழைய நேரத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் முந்திரி உடைக்கப் போய்விட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போவ வேணாம்மா. இந்த ரிப்பேரு, கிரீஸு எல்லாம் போதும்" என்றார், கனிவாகத்தான். அம்மா தலையாட்டினாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்போது மணி நான்கு. கடிகாரம் ஒன்பது அடித்தது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தை பட்டுப்புடவையோடு எழுந்துபோய், கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து ஒரு கம்பியை விரலால் தூக்கினாள். அரைமணிக்கான ஒற்றை மணி அடித்தது. மறுபடி தூக்கினாள், பத்து. இப்படியே பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று நான்கு வரும்வரை அடிக்கவைத்தாள். நடுவே அரைமணிகளையும் விடவில்லை. நான் எண்ணினேன், மொத்தம் ஐம்பது. அதற்குள் காபியில் ஏடு படிந்தது.

"இப்ப சரியா கீது" என்று விரலைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்களிடமிருந்து பிறகு தகவலே இல்லை. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "அதுக்கின்னாடி இப்போ, வாயத் தொற" என்று மீதிக் கேசரியை ஊட்டினாள் அத்தை. அந்தச் சம்பந்தம் என்னால்தான் முறிந்தது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடிகாரம் இப்போது கள்ளிக்குப்பத்தில் என் வீட்டில் இருக்கிறது. போன மாதம் எண்ணெய் போடப் பின்கதவைத் திறந்தேன். எத்தனை அடிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் சக்கரம் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. அதை உருவி, நான்குக்கு நேராகத் திருப்பி மாட்டினால் போதும். ஒரு மணிகூட அடிக்காமல் ஒரே நிமிடத்தில் சரியாகிவிடும். அந்தச் சக்கரத்தைக் கழுவி அங்கே பொருத்தியவளே அத்தைதான்.