ஸ்டெல்லா அக்காவின் வாசலைத் தேடி

இது 2006 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை போன பயணம். பெரம்பூரில் கல்யாணப் போட்டோ எடுப்பது என் தொழில். அதற்குச் சில நாள் முன் எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து ஸ்டெல்லா அக்கா ஒரு பழைய படத்தோடு கடைக்கு வந்தார். படத்தில் அவருடைய ஒன்பது வயது மகள், தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளின் வெள்ளை உடையில் வீட்டு வாசலில் நிற்கிறாள். பின்னால் ஓர் ஆலைப் புகைபோக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்த வருடமே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. பிறகு வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது.

"வாசல் எங்க இருந்துச்சுன்னே தெரியல தம்பி, கடலு உள்ள வராம கல்லு கொட்டி மூடிட்டாங்கோ. அதே எடத்துல என்னிய நிக்க வச்சு ஒரு படம் எடுத்துக் குடு."

முடியும் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னேன்.

என் திட்டம் எளிதுதான். படத்திலிருக்கும் புகைபோக்கி, தொட்டியின் ஓரங்களை கண்ணாடிபோல் ஊடே தெரியும் ஓர் அக்ரிலிக் தகட்டில் லேசரால் கோடுகளாக வெட்டிக்கொள்வது. தகட்டைக் கண்முன் பிடித்து நடந்தால், இரண்டும் கோடுகளுக்குள் ஒருசேரப் பொருந்தும் இடம்தான் பழைய படம் எடுத்த இடம். தகட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறாமலிருக்கத் தகட்டில் ஒரு நூல் கட்டி, அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பத்தரைக்குத் திருவொற்றியூர். பெயர்ப்பலகைக் கடையில் வெட்டுக்கூலி 280 ரூபாய்.

"இன்னா சார், வெறும் கோடா கீது? பேரு போட வேணாமா?" என்றார் கடைக்காரர்.

எர்ணாவூரில் அக்கா பட்டுப்புடவை கட்டிக் காத்திருந்தார். கடற்கரை மூன்று கிலோமீட்டர், ஆட்டோ ஐம்பது ரூபாய். "கடலாண்ட இன்னா கீது? கல்லு தான் கீது" என்று ஓட்டுநர் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

சாலையோரத்தில் நின்று பார்த்தேன். புகைபோக்கி கோட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடல் பக்கமாகப் பின்னால் நகர்ந்தேன். கொஞ்சம் சிறுத்தது. கரையில் கொட்டியிருந்த கற்களில் கடைசிப் பாறை வரை போயும் கோட்டுக்குள் அடங்கவில்லை. அலை என் செருப்பை நனைத்தது.

"இன்னும் எம்மாந்தூரம் போவணும்?"

"குத்துமதிப்பா நூத்தம்பது அடி, அக்கா."

"வாசலு?"

படத்தில் பிள்ளை கேமராவுக்குப் பத்தடி முன்னால்தான் நிற்கிறாள். அப்படியானால் வாசலும் கடலுக்குள்தான்; கையைக் கடல் பக்கம் காட்டினேன். அவர் பாறையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் கல்லுக்கு அடியில எங்கியோ கீதுன்னு நெனச்சு, மாசாமாசம் இங்க வந்து மெழுகுவத்தி ஏத்துவேன். அதையும் இல்லன்னு ஆக்கிட்டியே தம்பி."

படம் எடுக்கவில்லை. மாலை நாலரைக்கு அவரை வீட்டில் விட்டேன். அதன்பிறகு அவர் கடைப்பக்கம் வரவே இல்லை.

இப்படி யாருக்காவது இடம் தேடிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: மூன்று மில்லிமீட்டர் தகடு போதும், கோடு மெல்லியதாக இருக்கட்டும், வெயில் சாய்வதற்குள் போய்விடுங்கள். ஆனால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். இடம் இல்லையென்று தெரிந்தால், தகடு உடைந்துபோனது என்று பொய் சொல்லிவிடுங்கள்.