நெவேனா நம்பாதவர்கள்

நெவேனாவை ஏமாற்ற முடியாது என்பது லோம் நகரத்தில் எல்லாருக்கும் தெரியும். அது நெவேனாவுக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

பேருந்து நிலையத்துக்கு எதிரில், சதுக்கத்தின் ஓரத்தில் அவளுக்கு ஒரு பானித்சா கடை. மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பாலாடைக்கட்டியையும் முட்டையையும் வைத்துச் சுருட்டிச் சுட்டு, காலை ஐந்தரைக்கெல்லாம் சுடச்சுடக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். பாலாடைக்கட்டிக்காரன் வாளியைக் கொண்டுவந்து இறக்கினால், உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு எடை போடச் சொல்லுவாள். ஒருமுறை பாதிரியாரே வந்து வாங்கினார். அவர் தந்த பணத்தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போட்டாள். இந்த ஊரில் கேட்டால் அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். வங்கிகள் ஒரே ராத்திரியில் மூடிப்போனதைப் பார்த்த தலைமுறை அது.

இரண்டு வருடத்துக்கு முன் குரூம் என்பவன் சதுக்கத்தின் அந்தப் பக்கம் புதுக்கடை திறந்தான். காப்பி இயந்திரம், வண்ண விளக்கு, எல்லாம் உண்டு. லோம்காரர்களின் முகநூல் குழுவில் அவன் கடையைப் பற்றி ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதினார்கள். அத்தனையும் குரூமே எழுதிக்கொள்வது என்று நெவேனா கண்டுபிடித்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்கக்கூடாது. கண்டுபிடித்ததோடு நிற்காமல், மார்கரிதா வெலிக்கோவா என்ற பெயரில் தானும் ஒரு கணக்கு தொடங்கினாள். முகத்துக்குப் பதில் ஒரு சூரியகாந்தித் தோட்டம். அந்த மார்கரிதா வாரம் தவறாமல் நெவேனா கடை பானித்சாவை உருகி உருகிப் பாராட்டினாள். ஊரே இதைத்தான் செய்கிறது, நான் செய்தால் மட்டும் பாவமா என்பது அவள் கட்சி.

வைத்தியர்களைப் பற்றி அவள் கருத்து இன்னும் மோசம். தனியார் மருத்துவமனைக்குள் கால் வைத்தால் ஒரு வியாதியைத் தலையில் கட்டாமல் அனுப்பமாட்டார்கள் என்பாள். அதனால் அக்டோபரில் அடுப்பு முன்னால் மயங்கி விழுந்தபோது, அவளை ப்ளெவென் நகர மருத்துவமனை வரை கொண்டுபோக அவள் கணவன் ராங்கெல் படாதபாடு பட்டான். அங்கே ரத்தம் எடுத்தார்கள். மயக்க ஊசி போட்டுக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது கிர்ச்செவ் என்ற டாக்டர், "ரத்த சோகைம்மா, இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தர்றேன்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ராங்கெலை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டார்.

வேனில் ஏறியதும் அவள் கேட்டாள்: "தனியா கூப்பிட்டு என்ன கேட்டான்?"

"டயர் எங்க வாங்கினேன்னு கேட்டாரு."

"டயரா? விஸ்கி கேட்டிருப்பான். எவ்வளவு கொடுத்த?"

"ஒண்ணும் கொடுக்கல."

"பாத்தியா, வெறும் சோகை. இதுக்குப் போய் அந்தக் குழாய், இந்த ஊசி. நல்ல வேளை, அறுக்கணும் கிறுக்கணும்னு சொல்லல. சொல்லியிருந்தா அப்படியே எந்திரிச்சு வந்திருப்பேன். அவன் கட்டிடத்துக்குக் கடன் கட்ட என் வயித்தையா கொடுப்பேன்?"

ராங்கெல் வண்டியைக் கிளப்பினான். அவன் எப்போதுமே அதிகம் பேசாதவன். விற்க வருகிறவன் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வருகிற அப்பாவி. முப்பத்தோரு வருடமாக அவனுக்கும் சேர்த்து அவள்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் எட்டு, தேவதூதர்கள் திருநாள்; தூதரின் பெயரை வைத்திருக்கும் ராங்கெலுக்கு அது பெயர் நாள், பிறந்தநாளைப் போலக் கொண்டாடுவது. பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள், மேசை நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நெவேனா முட்டைக்கோஸில் அரிசியும் இறைச்சியும் பொதிந்து பெரிய பானை நிறையச் சமைத்து வைத்திருந்தாள். ஆறு மணிக்கு ராங்கெல் எழுந்து முன்னறை விளக்கை அணைத்தான். வெளிக்கதவைப் பூட்டினான்.

"என்ன பண்ற?"

"சளி பிடிச்சிருக்கு. யாரும் வேண்டாம்."

வந்தவர்கள் மணியை அடித்துப் பார்த்தார்கள். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்கள். புட்டிகளை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் இருட்டுச் சமையலறையில் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில்தான் பெயர் நாளில் கதவைச் சாத்துவார்கள். அவன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை என்பதை நெவேனா கவனித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கடையில் வேலை பார்க்கும் சிய்கா வாயைத் திறந்தாள். அவளுடைய அம்மா போன வருடம் புற்றுநோயில் கிடந்து இறந்தவர். அப்போது சேர்ந்த ஒரு முகநூல் குழுவை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்; நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் அந்தக் குழுவுல இருக்காரு."

"யாரு, ராங்கெலா? அவனுக்கு லைக் போடவே தெரியாதே."

"அவரு கணக்கு போட்டோவுல நம்ம வேன் நிக்குது அக்கா. யாருக்கு என்னன்னு எனக்குத் தெரியாது."

நெவேனா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மார்கரிதா வெலிக்கோவா அன்றே அந்தக் குழுவில் சேர்ந்தாள். தேடியவுடன் கிடைத்தது, ராங்கெல் எழுதியது: "எனக்கு வேண்டிய ஒரு பெண்ணுக்குக் குடலில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து வந்தால் என்ன சமைத்துக் கொடுக்கலாம்? எனக்குச் சமைக்கத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனிதன் தன் வீட்டில் ஒரு முட்டை உடைத்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தேநீர் போடுகிறேன் என்று பாத்திரத்தைக் கருக்கியவன். எவளுக்கோ சூப்பு வைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறானாம். வேண்டிய பெண். விளக்கணைத்தது, டயர் கதை, வாரக்கடைசியில் மாவு வாங்கப் போனால் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது, எல்லாம் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன.

சட்டையைப் பிடித்து நேரே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பொய் சொல்லுவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். மார்கரிதா அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: என் தங்கைக்கும் அதே வியாதிதான், சமையல் சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள். இல்லாத தங்கைக்கு வியாதி வரவைத்ததில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

ராங்கெல் பதில் எழுதினான். ஒற்றை விரலால் தட்டுகிறவன், அதனால் மெல்லத்தான் வந்தது. ஆனால் வந்துகொண்டே இருந்தது. வீட்டில் நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன் மார்கரிதாவிடம் பக்கம் பக்கமாகப் பேசினான். கோழி சூப்பில் எண்ணெயை எப்படி எடுப்பது என்று கேட்டான். மருந்து ஏற்றினால் முடி கொட்டுமா என்று கேட்டான். "அவளுக்கு ரொம்ப அழகான முடிங்க" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது, நெவேனா வலைத்தொப்பிக்குள் திணித்திருந்த தன் நரைத்த கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

மார்கரிதா கேட்டாள்: "அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லையா?"

"இருக்கான். ஒண்ணுத்துக்கும் உதவாதவன்."

இன்னொருத்தன் பெண்டாட்டி. நெவேனா அன்று இரண்டு தட்டு பானித்சாவைத் தீய விட்டாள். கோபம்தான் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அழுகை வந்தது. விசித்திரம் என்னவென்றால், மார்கரிதாவுக்கு எழுதுகிற இந்த ராங்கெலை அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு மென்மையான ஆள் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறான், அதை எவளோ அனுபவிக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. போன் கிணுகிணுத்தால் மனம் பறந்தது. அதற்கும் சேர்த்து அவனை வெறுத்தாள். வீட்டில் அவன் முன்னால் தட்டை வைக்கும்போது ஓங்கி வைத்தாள்.

"உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்பான்.

"எனக்கென்ன? உன் உடம்பப் பாத்துக்கோ."

"மாத்திரை போட்டியா?"

"என் மேல என்ன திடீர் கரிசனம்?"



நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம். ராங்கெல் மாவு மூட்டைகளை இறக்கிவிட்டு வேனைக் கடைக்கு எதிரில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருப்பது கடை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சற்று நேரத்தில் நெவேனாவின் ஏப்ரனுக்குள் போன் கிணுகிணுத்தது.

"டாக்டர் இன்னைக்கும் போன் பண்ணாரு. டிசம்பருக்குள்ள அறுக்கலன்னா அப்புறம் பிரயோஜனம் இல்லங்கறாரு. என்ன பண்றதுன்னே தெரியலங்க."

இன்றைக்கு விடக்கூடாது என்று நெவேனா நினைத்தாள். கண்ணை அவன் மேலேயே வைத்துக்கொண்டு தட்டினாள்: "ஒளிக்காம சொல்லுங்க. அந்தப் பொம்பள உங்களுக்கு யாரு?"

வேனில் அவன் தலை நிமிர்ந்தது. சதுக்கத்தைப் பார்த்தான். கடையையும் பார்த்தான், ஜன்னலில் வெயில் பட்டதால் அவள் நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. பிறகு குனிந்து வெகுநேரம் தட்டினான்.

"என் பொண்டாட்டிங்க. குழுவுல எங்க ஊர்க்காரங்க இருக்காங்க, அதனால யாருன்னு எழுதல. அவளுக்கே தெரியாது. டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. அவகிட்ட சோகைன்னு சொல்லியிருக்கு."

நெவேனா அதை இரண்டாம் முறை படித்தாள்.

கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்லாமல் வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது இந்தப் பக்கத்தில் காலகாலமாக நடப்பதுதான். அவளுடைய அப்பா நோயில் படுத்தபோது நடைவழிக்குக் கூப்பிடப்பட்டவள் அவளே. வயிற்றுப்புண் என்று அவரிடம் முகம் மாறாமல் சொன்னவளும் அவளே. உலகத்தில் யார் எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று தேடித்தேடிக் கண்டுபிடித்தவளுக்கு, ஒருநாள் தன்னையும் அறையில் விட்டுவிட்டு நடைவழியில் பேசுவார்கள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அப்போதும் அவள் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். முதலில் தோன்றியது, இது அந்த மருத்துவமனைக்காரர்கள் வேலை, இவனை வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான். பிறகு பார்த்தாள். வேனுக்குள் ராங்கெல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் யாருக்காக நடிப்பான்? அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது. ஒன்றரை மாதமாக இதை வைத்துக்கொண்டு இவன் எப்படிச் சாப்பிட்டான், எப்படி வண்டி ஓட்டினான், தட்டை ஓங்கி வைத்தபோதெல்லாம் எப்படிப் பொறுத்தான் என்று நினைத்தபோது அதைவிட மோசமாக இருந்தது.

பிறகு தட்டினாள்: "நேரா போய்ச் சொல்லிடுங்க. நம்புவா."

பதில் உடனே வந்தது.

"உங்களுக்கு அவளைத் தெரியாதுங்க."

நெவேனா ஏப்ரனைக் கழற்றினாள். சிய்காவைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, கோட்டுகூட மாட்டாமல் சதுக்கத்தைக் கடந்து போய், வேன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் பதறிப்போய் போனைத் தொடைக்கடியில் செருகினான்.

"கடையில யாரு?"

"சிய்கா இருக்கா."

"குளுருதே, கோட்டு எங்க?"

"ராங்கெல், எங்கிட்ட எதாவது சொல்லணும்னா சொல்லு."

"ஒண்ணுமில்லையே. ஏன், யாராவது எதாவது சொன்னாங்களா?"

மார்கரிதா யார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். வேண்டாம். அவன் வாயால் வரட்டும். அவன் சொல்லி, தான் நம்பியதாக இருக்கட்டும். அவனுக்கு அந்த ஒரு வெற்றியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள்.

"யாரும் சொல்லல. நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் நம்புறேன்."

முப்பத்தோரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவன் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. ராங்கெல் மெல்லத் திரும்பினான். மாவு விற்கிறவன், டயர் விற்கிறவன், ஊர் பேர் தெரியாத சூரியகாந்திப் படக்காரி எல்லாரையும் நம்புகிற அந்த மனிதன், பெண்டாட்டியின் முகத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"உண்மையாவா சொல்ற?" என்றான். அவன் கண்ணில் அவ்வளவு சந்தேகம்.