எள்ளு காணாமல் போன சனிக்கிழமை

2003-இல் பெரம்பலூரில் நிருபராக இருந்தேன். என் கல்யாணப் பத்திரிகை, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டிடிபி சென்டரின் கம்ப்யூட்டரில் இருந்தது. முதல் பிரதியை வாங்கிப்போக ஆண்டிமடத்திலிருந்து என் வருங்கால மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார். நாலு மணி பஸ்ஸில் போய், அன்று மாலையே குலதெய்வத்தின் முன் வைப்பதாக ஏற்பாடு. தவறினால் சகுனம் சரியில்லை என்று கல்யாணத் தேதியைத் தள்ளிவிடுவார். ஏற்கெனவே ஒரு முறை தள்ளியவர். அப்போது காரணம் பூனை.

இரண்டரை மணிக்குத் திரை கறுத்து, கம்ப்யூட்டர் விட்டு விட்டுக் கத்தியது. சென்டர்காரர் வழக்கம்போல ரேம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். எங்கள் ஊரில் எல்லாரும் செய்த வைத்தியம்தான், பெரும்பாலும் பலித்தது. அன்று கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டார். திரும்பப் பொருத்தினால் அதே கத்தல்.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். பற்களுக்கு மேலே வரிசையாகப் பொடிப்பொடியாய்க் கறுப்பு ரெசிஸ்டர்கள். ஓரிடத்தில் மட்டும் ஈயப் பொட்டுகள் வெறுமையாக மின்னின. அக்கம்பக்கத்தில் இருந்தவற்றில் எல்லாம் 100 என்று இருந்தது. விழுந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு.

"ஒரு எள்ளு காணோம் சார். ஒரே ஒரு எள்ளு கிடைச்சாப் போதும், எல்லாம் சரியாயிடும்."

மாமனார் எழுந்தார். கிழமை சனி, இயந்திரம் அழுகிறது, எள் கேட்கிறார்கள். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படியிறங்கிப் போனார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

சென்டர்காரர் செத்துப்போன பழைய ரேம் ஒன்றைத் தேடியெடுத்து, அதிலிருந்து அதே 100-ஐச் சூடுகாட்டிப் பெயர்த்து ஒரு தாளில் வைத்தார். அப்போது மாமனார் கால் கிலோ கறுப்பு எள்ளோடு திரும்பினார். கோயில் தூரம், இங்கேயே சுற்றிப் போட்டுவிடலாம் என்றபடி பொட்டலத்தின் நூலை இழுத்தார். எள் மொத்தமும் அந்தத் தாளில் கொட்டியது.

"என்னங்க பெரியவரே, எள்ளு மேல எள்ளக் கொட்டிட்டீங்க."

"கேட்டது நீங்கதானே தம்பி?"

விஷயத்தை நான் விளக்கி முடிப்பதற்குள் மணி மூன்றே கால். நானும் சென்டர்காரரும் லென்ஸோடு குனிந்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே கறுப்பு; அந்தக் குவியலில் 100-ஐ எங்கே படிப்பது. கிடைத்துவிட்டது என்று அவர் ஒன்றை ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் தொட்டார். வறுத்த எள் வாசனை வந்தது.

மாமனார் எங்களை விலக்கினார். வருஷா வருஷம் எள் விதைத்துக் கல் பொறுக்கியவர். தாளின் இரு முனைகளையும் பிடித்துச் சற்றுச் சாய்த்துத் தட்டினார். எள் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒன்று மட்டும் பின்தங்கியது. அதை நகத்தால் ஒதுக்கினார்.

"இது நம்ம எள்ளு இல்ல."

சென்டர்காரர் அதைப் பற்றவைத்து ரேமைப் பொருத்தியதும் கம்ப்யூட்டர் ஒரே ஒரு முறை கத்திவிட்டு எழுந்தது. பத்திரிகையோடு மாமனார் ஓடிப்போய் பஸ் பிடித்தார்.

மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து அவர் மகளோடு பேசினேன். தேதி அதேதான் என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள்:

"அங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போயி உங்க யாராலயும் முடியலயாமே. அப்பாதான் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துச்சாம்?"

செய்தியில் பிழை இல்லை. மறுப்பு கொடுக்க வழியில்லாமல் ஆமாம் என்றேன்.