நான்காம் எண் விமானத்தில் முதலாளி

போன வாரம் கட்டுகஸ்தோட்டை பெற்றோல் ஷெட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பம்பைக் கையில் பிடித்திருந்தவர் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னும் அரைவாசி இருக்குங்களே மிஸ். அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"பரவால்ல, நிரப்புங்க" என்றேன் அசடு வழிந்தபடி. முள் பாதிக்குக் கீழே இறங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பெற்றோல் வரிசையில் நாள்கணக்காகக் காய்ந்த காலத்தில் பிடித்த பயம் இது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. உண்மையில் அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டியது போர் விமானத்தில். ஒரு நாளும் நான் ஏறாத போர் விமானத்தில்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கண்டியில் குட்ஸ்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடையில் வேலை. கீழே போட்டோ கொப்பி, டைப் அடித்துக் கொடுப்பது, லேமினேட்டிங். மேலே பலகைப் படி ஏறினால் கொம்பியூட்டர் வகுப்பு. நான் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். மெஷின்களைப் பார்த்துக்கொண்டது அந்தோணி. தெல்தோட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவான். என் வயதுதான், ஆனால் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை கால்வாசி, நக்கல் முக்கால்வாசி. போட்டோ கொப்பி மெஷின் சூடேறும்போது வரும் அந்தக் கருகல் வாசனை இன்றைக்கு எங்கே அடித்தாலும் எனக்குப் பகல் சாப்பாட்டுப் பசி வந்துவிடும். அந்த வாசனைக்கு நடுவில்தான் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிப்போம்.

சாப்பிட்ட கையோடு அந்தோணி விமானத்தை எடுப்பான். யாரோ பழுதுபார்க்கக் கொடுத்த கொம்பியூட்டரில் இருந்து அவன் பிரதி எடுத்துவைத்த சண்டை விமான விளையாட்டு அது. சும்மா டப்டப்பென்று சுடுகிற விளையாட்டு இல்லை. விமானத்தைக் கிளப்பவே நூறு விசை தட்ட வேண்டும். முன்னால் நாம் பறக்க, கூடவே மூன்று விமானங்கள் வரும். அவற்றை ஓட்டுவது கொம்பியூட்டர். அந்த மூன்றுக்கும் உத்தரவு கொடுப்பது விசைப்பலகையில். அந்தோணிக்கு ஒரு கை ஜோய்ஸ்டிக்கில், ஒரு கை வேகம் கூட்டும் பிடியில். ஆகவே விசைப்பலகை எனக்கு வந்தது. பார்க்காமல் டைப் அடிக்கிறவள் நான் ஒருத்திதானே அங்கே.

என் வேலை மூன்று பேரையும் கட்டி மேய்ப்பது. ஒரு விசையைத் தட்டினால் மூன்று பேரும் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று வரிசையாக இங்கிலீசில் பதில் சொல்வார்கள். வீடு திரும்பும் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் 'பிங்கோ' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை அலட்சியம் செய்தால் ஆள் கடலில்தான். செத்தவர் செத்தவர்தான், அடுத்த பயணத்தில் வர மாட்டார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் மங்கிப் போய்விடும்.

பெயரை நாமே வைக்கலாம். இரண்டாம் எண்ணுக்கு 'டீச்சர்'. மூன்றுக்கு ராணி, எங்கள் கடைப் பூனை. நான்காவதாகக் கடை முதலாளி. "பெரியவரு, பின்னால பத்திரமா வரட்டும்" என்றான் அந்தோணி. எனக்கும் அது சரியாகவே பட்டது. குண்டு படுகிற இடத்தில் முன்னால் கொண்டுபோயா அவரை நிறுத்துவது?

ஆனால் பாருங்கள், முதலாளிதான் முதலில் விழுவார். ஒவ்வொரு தடவையும். நானும் ராணியும் பாதி டேங்க்கோடு பறந்துகொண்டிருப்போம், முதலாளி 'பிங்கோ' என்பார். சண்டைக்கு நடுவில் நான் வீட்டுக்கு அனுப்புவதற்குள் நேரமாகிவிடும், பாதி வழியில் கடலில் இறங்கிவிடுவார். எல்லோருக்கும் கிளம்பும்போது ஒரே அளவு எரிபொருள், ஒரே விமானம். ஏன் இவருக்கு மட்டும் போதவில்லை என்று எங்களுக்கு விளங்கவே இல்லை.

ஒரு நாள் அந்தோணி தன்னை மறந்து, இடத்தை மறந்து கத்திவிட்டான். "ஐயோ டீச்சர், முதலாளி விழுந்துட்டாரு!"

கீழே அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்திருந்த அம்மா ஒருவர் அலறிவிட்டார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து, "நான் இங்கதானே இருக்கேன்!" என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் திரையில் தன் பெயரைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்டா, நான் மட்டும் எப்பவும் சாகுறேனா?"

"பெற்றோல் முடிஞ்சிருதுங்க முதலாளி."

"அடப்பாவிகளா. கடைக்கு மொதலாளி, எனக்கே பெற்றோல் இல்லையா?"

சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பன்னிரண்டு படி ஏறியதற்கு அவ்வளவு மூச்சா என்று அன்றுதான் கவனித்தேன்.

இருதயத்தில் அடைப்பு என்று பிறகு தெரிந்தது. அவருடைய மனைவி தவறி வெகுகாலம். ஒரே மகள் கொழும்பில். ஆகவே கண்டி டொக்டரிடம் கூட்டிப்போனது நானும் அந்தோணியும்தான். டொக்டரின் இடம் ஒரு செங்குத்தான ஏற்றத்தில். இருதய நோயாளிகளைப் பார்க்கிறவர் ஏன் அப்படி ஓர் உச்சியில் போய் உட்கார்ந்தார் என்று தெரியாது. த்ரீவீல் ஓட்டோவில் போகலாம் என்றால் முதலாளி கேட்கவில்லை. "நான் என்னா கெழவனா? நடங்க, நான் வாறேன்."

அந்தோணிக்கு நடையே ஓட்டம்தான். அவனுக்குப் பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் முதலாளி. கொஞ்சம் போய் நாங்கள் நிற்போம். எங்களை நிற்க வைத்துவிட்டோமே என்று அவர் எட்டி எட்டி வைத்து வருவார். வந்து சேர்ந்ததும், "வந்துட்டாரு, போவோம்" என்று நாங்கள் நடப்போம். இரண்டு தடவை இப்படி ஆயிற்று. மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கியது. நாங்கள் நின்று இளைப்பாறினோம். அவர் வந்து சேரும்போது எங்கள் இளைப்பாறல் முடிந்திருந்தது. கடைசியில் வருகிறவருக்கு ஓய்வே கிடையாது. விளையாட்டிலும் அதேதான். முன்னால் போகிறவன் கொஞ்சம் திரும்பினால் பின்னால் இருப்பவர் பெரிய வட்டம் அடிக்க வேண்டும். முன்னால் கொஞ்சம் வேகம் கூட்டினால் பின்னால் தீயைக் கக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். பத்திரமான இடம் என்று நினைத்து, மரியாதையோடு, மிகவும் கஷ்டமான இடத்தில் அவரை நாங்களே வைத்திருந்தோம்.

"முதலாளி, நீங்க முன்னால போங்க" என்றேன். அவர் போனார். அந்தோணி அவர் தோளுக்குப் பின்னால் பெட்டிப் பாம்பாக நடந்தான்.

கொழும்பில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் முதலாளி மெதுவாக மேலே வந்தார். கையில் பால் விடாத பிளேன்டீ.

"டேய், எனக்கு சகுனம் கிகுனம் ஒண்ணும் கெடையாது. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னய உசிரோட வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிளேன்டீயை ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் மேசையில் வைத்தார். அந்தோணி என்னைப் பார்த்தான். வெறும் விளையாட்டு என்று என்னை நானே எத்தனை சமாதானம் செய்தும் ஆகவில்லை. அவரை விழவிட்டு நாங்கள் எந்த முகத்தோடு திங்கட்கிழமை கொழும்பு பஸ்ஸில் ஏற்றுவது?

எண்களை மாற்றினேன். முதலாளி இரண்டாவது, அந்தோணியின் தோளுக்குப் பக்கத்தில். நான் கடைசிக்குப் போனேன். அந்தோணி அன்று வேகத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றவே இல்லை. திரும்பும்போது கல்யாண ஊர்வலம் மாதிரி அகலமாகத் திரும்பினான். நான் நிமிடத்துக்கொரு தரம் எரிபொருள் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி வழியில் நான்காம் எண் 'பிங்கோ' என்றது. என்னை நானே வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். குறிவைத்த பாலத்தை உடைத்துத் திரும்பும்போது எதிரி விமானம் ஒன்று தனியாக மாட்டியது. அந்தோணியின் கை துடித்தது.

"விடுறா, அவனும் வீட்டுக்குப் போகட்டும்" என்றார் முதலாளி.

விட்டான். கடலுக்கு மேல் அவர் விமானம் 'பிங்கோ' சொன்னபோது கரை தெரிந்துவிட்டது. அந்தோணி இறங்காமல் மேலேயே வட்டமிட்டு அவரை முதலில் இறங்க விட்டான். சக்கரம் தரையைத் தொட்டது, கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. முதலாளி ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, படியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே போனார். நான் விசைப்பலகையில் தலை வைத்து அழுதேன். கடலில் விழுந்திருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

நிஜத்திலும் திரும்பி வந்தார். மெலிந்து, நெஞ்சில் தையலோடு. அதன் பிறகு கடையில் ஒரு பழக்கம் வந்தது. காலையில் கடை திறந்ததும் அந்தோணி வாசலில் நின்று, "எவ்வளவு இருக்கு?" என்பான். நான் ஏதாவது சொல்வேன். ராணி கருவாட்டுக்காகக் கத்தும். கடைசியாகக் கல்லாவிலிருந்து முதலாளி, "வீடு போற அளவுக்கு இருக்குடா" என்பார். வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் புரியாது.

அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். பலகைப் படியைக் கழற்றிவிட்டார்கள். ராணி எப்போதோ போய்விட்டது. அந்தோணி இத்தாலியில், இரண்டு பிள்ளைகள். கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருந்த முதலாளி போன மாதம் தவறினார். கண்டிக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லையே, நான் தெருமுனையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கம் வீடியோவில் அந்தோணி.

"யாரு டீச்சர் முன்னால போறா?"

"முதலாளிதான்."

"மெதுவாத்தானே?"

"மெதுவாத்தான். யாரும் ஓடல."

ஊர்வலம் ஏற்றத்தில் திரும்பி மறையும்வரை போனைத் தூக்கியே பிடித்திருந்தேன். பிறகு அந்தோணி பழைய மாதிரியே கேட்டான்.

"எவ்வளவு இருக்கு?"

"வீடு போற அளவுக்கு இருக்கு" என்றேன் நான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தான். நான், ராணி, முதலாளி என்று மூன்று பதில் வர வேண்டிய இடம் அது.