ஆயுத பூசை அன்று ஏறிய சூடு

என் மனைவி கலைமதி பயந்த சுபாவம். பாம்பு, பல்லிக்கெல்லாம் அசரமாட்டாள். வல்லத்திராக்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும்போதுதான் முகம் வெளிறும். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்வரை, அதாவது கருவிகளையெல்லாம் இணைக்கும் கம்ப்யூட்டரை, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுக் கட்டில். யாருக்காவது மூச்சு தடுமாறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். அந்த மணி சர்வர் ஓடினால்தான் அடிக்கும்.

காலையில் பல் விளக்கியதும் சர்வரை நலம் விசாரிப்பாள். எத்தனை நாளாக ஓடுகிறது, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, சூடு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தட்டுவாள். பதில் வரிவரியாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சர்வர்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்தித் தொலைத்தாள். நல்லவேளை, அது சும்மா கிடந்த சர்வர். அன்றிலிருந்து என்டர் தட்டுமுன் சர்வரின் பெயரை வாய்விட்டுப் படிப்பாள். நான் சிரிப்பேன், அவள் முறைப்பாள்.

போன ஆயுத பூசை அன்று மதியம், டிராக்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். கலைமதிக்கு இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"என்னங்க, சர்வர் சூடு எப்பவும் அம்பது டிகிரிதான் இருக்கும். இப்ப எழுவத்தெட்டு."

மறுபடி தட்டினாள். எண்பத்தொன்று. ஓடும் வேலைகளைப் பட்டியல் எடுத்துப் பார்த்தாள், எதுவும் அதிகமில்லை. அப்படியென்றால் கோளாறு அந்த அறையில்தான் என்று ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் சிவபிரகாஷுக்குப் போன் போட்டாள். அவர் ஆவுடையார்கோவில் பஸ்ஸில் இருந்தார்.

"பூசை நல்லா முடிஞ்சுச்சுங்க. சர்வருக்கும் பட்டுத்துண்டு போத்தி மாலை போட்டோம்."

"ஏசி ஓடுதா?"

"காத்துல வெளக்கு அணையுதேன்னு நிப்பாட்டுனோம்…" குரல் இறங்கியது. "திரும்பப் போடலைங்க. ரூம் சாவியும் எங்கிட்டதான் இருக்கு."

பக்தியில் சர்வரை மூச்சுமுட்ட வைத்த புண்ணியவான்! போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கலைமதி அதற்குள் வாட்ச்மேன் சார்லஸைப் பிடித்து, பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டாள். இரும்புக் கதவு. அவர் கடப்பாரை தேடிப் போனார். எண்பத்தொன்பது.

"நூறத் தொட்டா தானா நின்னுரும். அப்படி நின்னா டிஸ்க் போயிரும், நாள் கணக்குல மணி அடிக்காது. நானே ஒழுங்கா நிப்பாட்டுனா, ரூம் ஆறுனதும் எழுப்பிரலாம். ஆனா அதுவரைக்கும் யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா, நாந்தானே காரணம்?" என்றாள்.

வார்டு நர்ஸ் சுகுணாவை அழைத்தாள்.

"சர்வர நிப்பாட்டப் போறேன், மணி அடிக்காதுங்க. கட்டிலுக்கு ஒரு ஆளு நிக்கணும்."

"லீவு நாளுங்க. ரெண்டே பேருதான் இருக்கோம்."

"வெளிய காத்திருக்கிற சொந்தக்காரங்கள உள்ள விடுங்க. நெஞ்சு ஏறி எறங்குதான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க."

தொண்ணூற்று நான்கு. சர்வரின் பெயரை இரண்டு தடவை படித்தாள். என்டர். எழுத்துகள் நின்றன.

ஸ்பீக்கரில் சுகுணாவின் குரல் மட்டும் கேட்டது. "எல்லாத்துக்கும் ஆளு இருக்கு. அஞ்சாம் கட்டிலுக்கு யாரும் வரலை. நானே நிக்கிறேன்." பிறகு, "ஐயா! கைய எடுங்க!" போன் கீழே விழுந்த சத்தம்.

கலைமதி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் கும்பிடாத சாமியில்லை.

"ஆக்சிஜன் மாஸ்க்க கழட்டி எறிஞ்சுட்டாரு," சுகுணாவுக்கு மூச்சு வாங்கியது. "மாட்டிட்டேன். இப்ப பரவால்ல."

பூட்டு உடைந்து, துண்டை உருவி, ஏசி ஓடி, அறை ஆற இருபது நிமிடம் ஆயிற்று. சர்வரை எழுப்பினாள். எட்டுக் கட்டிலும் திரையில் வந்துவிட்டதாகச் சுகுணா சொன்னார்.

"அந்த அஞ்சாம் கட்டில் ஐயா பேரு என்னங்க?"

"கண்ணுசாமி. கொண்டாந்து சேத்துட்டுப் போனவங்க திரும்ப வரவே இல்லைங்க."

மறுநாள் காலையிலேயே கலைமதி புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள். பார்வையாளர் சீட்டில் நோயாளிக்கு என்ன உறவு என்று எழுத வேண்டுமாம். மகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.