டேப்பில் இருந்த எடை

தாமரை சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்தவள். கணினியில் டிப்ளோமா முடித்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அதற்கு இரண்டு மூன்று நிலையங்கள்தான். நீரிழிவு கூடக் கூட நிலையங்களும் கூடி, கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தியர்கள் நெருக்கமாக வாழும் ஊர்களிலெல்லாம் ஒரு கடைவீட்டு மாடியில் அதன் பலகை தொங்கியது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், கையில் எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்ற விவரங்களெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இருந்த சர்வரில் சேர்ந்தன.

அதைப் பாதுகாப்பது தாமரையின் பொறுப்பு. ஒவ்வொரு ராத்திரியும் தகவல்கள் இன்னொரு சர்வருக்குத் தானாக நகலாகிவிடும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் உள்ளங்கை அளவுள்ள கறுப்பு டேப் ஒன்றை இயந்திரத்தில் போடுவாள். மொத்தமும் அதில் பதிந்ததும் எஃகுப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். ஷா ஆலம் கிடங்கிலிருந்து வேன் வந்து எடுத்துப் போகும். வார டேப்புகள் கொஞ்ச நாளில் திரும்பி வந்து மறுபடி பதியப்படும். மாதக் கடைசி டேப் ஓராண்டும், ஆண்டுக் கடைசி டேப் ஏழாண்டும் கிடங்கிலேயே இருக்கும். யாருக்கும் பிடிக்காத வேலை. சேர்ந்த புதிதில் இவள் தலையில் கட்டினார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். கணவன் கிஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் மாமனார் நாகையா. கேரி தீவு எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதானபின் வாரம் மூன்று நாள் கிள்ளான் நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டார். அது மருமகள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிலையம்தான். மகன்தான் மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போய் அழைத்து வருவான்.

ஒரு மழை நாள் சாயங்காலம் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிஷனின் மோட்டார் சறுக்கியது. பின்னால் வந்த லோரியால் நிறுத்த முடியவில்லை.

தாமரை அழவில்லை. வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பினாள்.

அவள் விடுப்பில் இருந்தபோது டேப் மாற்ற ஆள் இல்லை. அவளுக்கு உதவியாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் வந்திருந்த அசாருதீனுக்கு அந்த இயந்திரத்தை யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. தாமரை திரும்பி வந்து கணினியைத் திறந்ததும், புது டேப் போடச் சொல்லும் செய்தி திரையில் நின்றது. அதை மூடினாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. மறுபடி மூடினாள். மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. படித்தாள், புரிந்தது, ஆனால் அதற்காக எழுந்து போக வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவில்லை. மற்ற வேலைகளை வழக்கம்போலச் செய்தாள். கொமுட்டர் ரயிலில் ஏறினாள், கேயெல் சென்ட்ரலில் இறங்கினாள், நடந்தாள், திரும்பினாள். மாமனாரைக் காரில் கூட்டிப்போய் நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு, முடியும் நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டாள். வீட்டில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சோறு சமைத்து மேசையில் மூடி வைப்பாள். அவரவர் பசிக்கும்போது அவரவர் சாப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

இப்படி இரண்டு மாதம் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா நிலையங்களிலும் திரை கறுத்தது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். தகவலையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்றது. இரண்டாவது சர்வரில் இருந்த நகல்களும் சேர்ந்து பூட்டப்பட்டிருந்தன. தாமரை வந்து சேர்வதற்குள் அலுவலகம் சந்தைக்கடையாக இருந்தது. எல்லாத் தொலைபேசியும் அடித்தது. நிலையங்களில் நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்கள். டயாலிசிஸை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாது.

நிர்வாகத் தலைவி ஷாமினி அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தாமரை, எல்லாம் போச்சுங்கிறாங்க. டேப் இருக்குல்ல? அதையும் பூட்டியிருப்பானா?"

"முடியாது. டேப் கிடங்குல இருக்கு. எந்த லைன்லயும் இல்ல."

"அப்ப எடுத்துப் போட்டுடலாம். போலே தாக், முடியுமா?"

"முடியும். ஆனா கடைசி டேப் ரெண்டு மாசத்துக்கு முந்தினது."

ஷாமினிக்குப் புரியவில்லை. "வாரா வாரம் போடுறதுதானே?"

"கிஷன் இறந்ததுலேருந்து போடல. லீவுல போடல. திரும்பி வந்தும் போடல. மெசேஜ் வந்துச்சு. நான் மூடிட்டேன்."

சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் இதைச் சொன்னாள். ஷாமினி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. அதை அப்புறம் பேசுவோம் லா. இப்ப என்ன செய்யணும்னு சொல்லு."

தாமரை சொன்னாள். எந்தக் கணினியையும் யாரும் தொடக்கூடாது. தாதிகள் தங்களுக்கு நினைவில் இருப்பதையும் கையில் உள்ள சீட்டுகளையும் வைத்து இன்றைய சிகிச்சையைச் செய்யட்டும். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கூப்பிடட்டும். புதிதாக ஒரு சர்வர் வேண்டும், அது அலுவலகத்து லைனில் சேரக்கூடாது. கிடங்குக்குச் சொல்லிக் கடைசி மாத டேப்பையும் அதற்கடுத்து வந்த வார டேப்புகளையும் வரவழைக்க வேண்டும்.

பெட்டி வந்தது. ஒவ்வொரு டேப்பையும் எடுத்து அதன் ஓரத்திலிருந்த சிறு தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"அது எதுக்குக்கா?" என்றான் அசாருதீன்.

"இதைத் தள்ளிட்டா டேப்பைப் படிக்கத்தான் முடியும். அது மேல எதுவும் எழுத முடியாது. நம்ம கை தவறினாலும்."

எந்தத் தகவல் எந்த டேப்பில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணையும் பூட்டப்பட்ட சர்வரோடு போய்விட்டது. அதனால் டேப்பை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டு, அட்டவணையைப் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. இயந்திரம் சலிக்காமல் உறுமியது. பாதியில் ஒரு தடவை படிக்க முடியவில்லை என்று நின்றது. அசாருதீனுக்கு முகம் வெளிறிவிட்டது. தாமரை துடைக்கும் டேப்பைப் போட்டு இயந்திரத்தின் தலையைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினாள். ஓடியது.

"உங்களுக்குப் பயமாவே இல்லையாக்கா?"

"இல்ல" என்றாள். அது உண்மை. ஆனால் அவன் நினைத்த மாதிரி இல்லை. அன்றும் மறுநாளும் அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு நிதானம், என்ன தைரியம் என்றார்கள். யாரோ அவள் மேசையில் தே தாரிக் டீயும் கறிபாப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள். தே ஆறிப்போயிற்று. அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்தான் நாகையாவை நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்.

புதன்கிழமை பிற்பகலில் தகவல் முழுக்க இறங்கியது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஏதாவதொரு நோயாளியைத் திறக்க வேண்டும். கைப்பழக்கத்தில் மாமனாரின் அடையாள எண்ணைத் தட்டினாள். பெயர், நாகையா. நிலையம், கிள்ளான். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், கிஷன், மகன். அவன் போனபின் அந்த இடத்தில் தன் பெயரை அவளே மாற்றி எழுதியிருந்தாள். இப்போது பழையபடி நின்றது. அவள் அதைப் படித்தாள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"சரியா வந்திருக்கு" என்று அசாருதீனிடம் சொன்னாள்.

அன்று ஷாமினியிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். "இது ரெண்டு மாசத்துக்கு முந்தின தகவல். யாரும் இதை அப்படியே நம்பி மெஷினை ஓட்டக்கூடாது. ஒவ்வொருத்தருக்கும் டாக்டர் பார்த்து மாத்தணும். முதல்ல கிள்ளான் நிலையத்தைச் சேர்ப்போம். சரியா இருந்தா மத்தது."

கிள்ளான் நிலையத்தின் மூத்த தாதி தங்கமணி. நோயாளிகள் எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'. சேர்த்த மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தாமரை, சிஸ்டம் வந்துருச்சு, நல்லா ஓடுது. நீ சொன்னபடி ஒவ்வொரு ஆளாப் பார்த்துக்கிட்டு இருக்கோம். உன் மாமனாருது மட்டும் உன்கிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க மிஸ்ஸி."

"இதுல அவரோட ட்ரை வெய்ட் அறுபத்தொண்ணுன்னு இருக்கு. இப்ப அறுபத்தொண்ணு எங்கேருந்து வரும்? அங்கிள் இன்னைக்குத் தண்ணியோட வந்ததே ஐம்பத்தாறுதான். சிஸ்டத்தைக் கேட்டா இவருக்குத் தண்ணி எடுக்கவே வேணாம்கும். கால் ரெண்டும் வீங்கிக் கிடக்குது."

உடம்பில் தேங்கிய நீரெல்லாம் போனபின் ஒருவர் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதுதான் ட்ரை வெய்ட். அதற்கு மேல் இருப்பது நீர். அதைத்தான் இயந்திரம் எடுக்கும். இது தாமரைக்குத் தெரியும். சேர்ந்த காலத்திலிருந்தே அந்த எண்களைத்தானே பாதுகாத்து வந்தாள்.

"அப்ப சரியான எடை எவ்வளவு?"

"டாக்டர் போன மாசம் ஒரு தடவை குறைச்சார், அதுக்கப்புறம் இன்னொரு தடவை. கடைசியா ஐம்பத்து மூணு. எனக்கு ஞாபகம் இருக்கு, அதையே வச்சு ஓட்டுறேன். நீ பயப்படாதே." பிறகு, "உனக்குத் தெரியாதா?" என்றார்.

"என்னது?"

"எட்டுக் கிலோ இறங்கியிருக்காருமா. அதெல்லாம் தண்ணி இல்ல, சதை. நீ வீட்டுல பார்க்கலியா?"

போனை வைத்தபின் தாமரை உட்கார்ந்து யோசித்தாள். இரண்டு மாதமாக அவரைக் காரில் ஏற்றி இறக்கியிருக்கிறாள். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். டேப்பில் ஏறியிருந்த எடையைப் போல, கிஷன் இருந்த நாளைய முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று சீக்கிரமாகவே கிளம்பிக் கொமுட்டரில் கிள்ளானுக்கு வந்தாள். நாகையா வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. கால்சட்டையை இடுப்பில் ஒரு நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்.

மேசையில் காலையில் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது.

"சாப்பிடலையா மாமா?"

"பசிக்கலமா."

"தினமும் பாத்திரம் காலியா இருக்குமே?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்னாடி பூனைங்க இருக்குல்ல. வீணாப் போனா நீ வருத்தப்படுவேன்னு."

தாமரை அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்சமாகக் கஞ்சி வைத்து, முட்டை அவித்து மசித்து, இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். பாதியில் அவர் கரண்டியை வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி எடுத்தார். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கஞ்சி சூடாக இருந்தது, உப்புக் குறைவாக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் எல்லா நிலையங்களும் சேர்ந்தன. இடையில் விட்டுப்போன இரண்டு மாதத்தைத் தாதிகள் டாக்டர்களின் குறிப்புகளிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். முனகினார்கள், திட்டினார்கள், முடித்தார்கள். நோயாளி யாருக்கும் ஆபத்து நேரவில்லை. விசாரணை வந்தபோது தாமரை திங்கட்கிழமை சொன்னதையே திரும்பச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். ஷாமினி அதைக் கொடுத்துவிட்டு, "உன்னை அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வரவிட்டது எங்க தப்பு" என்றாள். தாமரை தலையசைத்தாள். இப்போது டேப் போடச் சொல்லும் செய்தி அசாருதீனுக்கும் போகிறது. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள்.

மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். சத்துணவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரவுச் சாப்பாடு இருவருக்கும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டாள். பேச்சு அப்போதும் அதிகமில்லை.

ஒரு சனிக்கிழமை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்குப் போனார்கள், அவருக்கு இடுப்பில் நிற்கும் கால்சட்டை வாங்க. கடைக்காரப் பெண் டேப்பைச் சுற்றி அளந்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"அங்கிள், இது நல்லா இருக்கும்."

"இதுவா? துக்க வீட்டுக்குப் போறவன் மாதிரி இருப்பேன்" என்றார் நாகையா.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மருமகளைப் பார்த்தார். தாமரை துணி தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற எடுங்க அக்கா" என்றாள் கடைக்காரியிடம். "நீலம் இருந்தா காட்டுங்க."

நீலம் இருந்தது. திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். நீளம் ஜாஸ்தி என்றார், பை சின்னது என்றார். அந்தப் பெண்ணோடு குரலை உயர்த்தி வாதாடினார். தாமரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.